பழைய எக்ஸ்பாக்ஸுக்கு வைஃபை: தனி அடாப்டர் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: மகனுக்காக செகண்ட் ஹேண்டில் எக்ஸ்பாக்ஸ் 360 வாங்கினேன். பழைய மாடல். பின்னால் லேன் போர்ட் மட்டும் இருக்கிறது, வைஃபை இல்லை. ஃபைபர் மோடம் கீழே ஹாலில், டிவி மாடி அறையில். ‘இதற்கென்றே தனி வைஃபை அடாப்டர் உண்டு, தேடித் தருகிறேன்’ என்று கடைக்காரர் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் கேட்கிறார். கம்ப்யூட்டருக்கு வாங்கிய யூஎஸ்பி டாங்கிளைச் செருகிப் பார்த்தேன், கன்சோல் கண்டுகொள்ளவே இல்லை. செலவில்லாமல் வழி உண்டா?

பதில்: உண்டு. கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

2005-ல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு மைக்ரோசாஃப்ட் வைஃபை அடாப்டரைத் தனியாகத்தான் விற்றது. அமெரிக்காவில் அதன் விலை கிட்டத்தட்ட 100 டாலர். அடாப்டர் உள்ளேயே வந்தது 2010-ன் ‘எஸ்’ மாடலில்தான். உங்கள் டாங்கிள் மேல் குற்றமில்லை. அதற்கான டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) கன்சோலில் இல்லை, நாமாக ஏற்றவும் வழியில்லை. இப்போது கடைகளில் சுற்றும் ‘360 அடாப்டர்’களில் போலிகளும் நிறைய.

லேன் போர்ட்டுக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. ஒயரில் நெட் வந்தால் போதும். மறுமுனையில் இருப்பது மோடமா, வைஃபையைப் பிடித்துக் கொடுக்கும் வேறொரு பெட்டியா என்று கன்சோல் பார்ப்பதில்லை. அந்தப் பெட்டி எந்தக் கம்பெனியுடையதாகவும் இருக்கலாம்.

முதலில் பரணில் தேடுங்கள். பழைய வைஃபை ரவுட்டர் இருந்தால், அதன் செட்டிங்ஸில் ‘கிளையண்ட்’, ‘பிரிட்ஜ்’, ‘டபிள்யூடிஎஸ்’ இவற்றில் ஒன்று இருக்கிறதா பாருங்கள். மோடமின் வைஃபையைப் பிடித்து ஒயரில் கொடுக்கும் வசதிக்குத்தான் இந்தப் பெயர்கள். இருந்தால் வேலை முடிந்த மாதிரிதான். டெலிபோன் லைன் காலத்து மோடம்களில் பெரும்பாலும் இது இருக்காது. டபிள்யூடிஎஸ் என்றால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பழைய ரவுட்டரில் டிஹெச்சிபியை (மற்ற கருவிகளுக்கு ஐபி முகவரி பங்கிடும் வசதி) அணைத்துவிடுங்கள், அந்த வேலையை மோடம் பார்த்துக்கொள்ளும். அதன் ஐபி முகவரியையும் மாற்றுங்கள். இரண்டு பெட்டியும் 192.168.1.1 என்றே இருந்தால், ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்ட கதைதான், மோடம் 1.1 என்றால் இதற்கு 1.2 கொடுங்கள்.

பரணில் எதுவும் சிக்கவில்லையா? லேன் போர்ட் உள்ள வைஃபை எக்ஸ்டெண்டர் வாங்குங்கள். டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஏ850ஆர்இ ஓர் உதாரணம்: பிளக் பாயிண்டில் நேராகச் செருகலாம், அடியில் ஒரு லேன் போர்ட். ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் இந்த ரகம் கிடைக்கும். விலை குறைந்த சிலவற்றில் போர்ட்டே இருக்காது, படத்தை உற்றுப் பார்த்து வாங்குங்கள். 1200 எம்பிபிஎஸ் என்று அட்டையில் பெரிதாகப் போட்டதற்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். உங்கள் கன்சோலின் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். 850ஆர்இ ரக எக்ஸ்டெண்டருக்கு வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும், அதனால் மோடமில் அது ஆனில் இருக்கட்டும். பொருத்தியதும் கன்சோலில் நெட்வொர்க் செட்டிங்ஸில் ‘வயர்டு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், பாஸ்வேர்ட் கேட்காது.

கேள்வி: எக்ஸ்டெண்டர் வைத்தால் வேகம் பாதியாகிவிடும் என்கிறார்களே?

பதில்: வாங்கிய வைஃபையையே அது மறுபடி வைஃபையாகப் பரப்பும்போதுதான் அந்தக் கணக்கு. ஒயரில் கன்சோலுக்குக் கொடுக்கும்போது காற்றில் ஒரே தாவல்தான். டிவிக்குப் பக்கத்தில் சிக்னல் வருகிறதா என்று மட்டும் முன்கூட்டியே போனில் பார்த்துவிடுங்கள். மாடிப்படி வழியாக ஒயர் இழுக்க முடிந்தால் அதுதான் மலிவு, அதற்கு மிஞ்சியது இல்லை. கேட்-5இ கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும்.

லேப்டாப் இருந்தால் ஒரு பைசா செலவில்லாமல் சோதித்தும் பார்க்கலாம். விண்டோஸில் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸில் ‘ஷேரிங்’கை ஆன் செய்து, லேன் ஒயரைக் கன்சோலில் செருகினால் நெட் வந்துவிடும். தினமும் லேப்டாப்பைத் திறந்து வைக்க வேண்டும் என்பது தொல்லை. அப்புறம் ஆன்லைன் ஆட்டத்தில் ‘நாட்’ (ஒரே நெட் இணைப்பைப் பல கருவிகளுக்குப் பகிரும் முறை) ‘ஸ்ட்ரிக்ட்’ ஆக இருக்கிறது, மற்றவர்களோடு இணைவது கஷ்டம் என்று கன்சோல் புலம்பக்கூடும்.

இன்னொன்று. எக்ஸ்பாக்ஸ் 360-ன் ஆன்லைன் கடையை 2024 ஜூலை 29-ல் மூடிவிட்டார்கள். ஏற்கெனவே வாங்கியதை டவுன்லோட் செய்யலாம், நண்பர்களோடு ஆன்லைனில் ஆடலாம். அந்தக் கன்சோலில் புதிதாக எதையும் வாங்க முடியாது. பையன் நெட் கேட்பது புது கேமுக்குத்தான் என்றால் எக்ஸ்டெண்டர் காசுக்குப் பழைய டிஸ்க்குகளாக வாங்கிக் கொடுங்கள்.