அந்தத் 'தான்' எதற்கு?

அன்புள்ள ஐயா,

லம்போர்கினி கார் கம்பெனியைத் தொடங்கிய ஃபெருச்சியோ லம்போர்கினி பற்றி ஒரு காணொளி பார்த்தேன். டிராக்டர்காரன் என்று ஃபெராரி கார் கம்பெனி முதலாளி என்ஸோ ஃபெராரி அவமதித்ததால்தான் லம்போர்கினி ஸ்போர்ட்ஸ் கார் செய்யத் தொடங்கினாராமே, உண்மையா? போர்ஷே கார் கம்பெனியும் டிராக்டர் செய்ததா? என் தாத்தாவும் டிராக்டர் ஓட்டியவர்தான். ஆனால் ஒருவர் அங்கிருந்து இவ்வளவு உயரத்துக்கு வந்தது பெரிய ஊக்கமாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஃபெராரி சண்டையை லம்போர்கினியே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். சரி, இருக்கட்டும். போர்ஷே டிராக்டரின் வடிவமைப்பு மட்டுமே போர்ஷேயுடையது. செய்து விற்றவை வேறு ஜெர்மன் கம்பெனிகள்: முதலில் ஆல்கையர், 1956 முதல் மான்னஸ்மன்.

'டிராக்டர் ஓட்டியவர்தான். ஆனால்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் 'தான்' எதற்கு? தாத்தாவைப் பற்றிச் சொல்லும்போது ஏன் குரல் தாழ்கிறது? படித்ததும் கோபம் வந்தது. ஊக்கம் வேண்டுமென்றால் காரில் தேடாதீர்கள்.

ஃபெருச்சியோ லம்போர்கினி 1916இல் இத்தாலியின் ரெனாட்ஸோவில், திராட்சை பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ரோட்ஸ் தீவில் ராணுவ வண்டிகளைப் பழுது பார்த்தார். 1946இல் ஊர் திரும்பியபோது உழவர்களிடம் டிராக்டர் வாங்கப் பணமில்லை, பெட்ரோலோ எட்டாத விலை. போரில் மிஞ்சிய மோரிஸ் எஞ்சின்களை எடுத்து 'கரியோக்கா' என்ற டிராக்டரைச் செய்தார். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மலிவான டீசலுக்கு மாற்றிக்கொள்ள ஒரு கருவியை அதில் பொருத்தினார். 1948இல் ரெனாட்ஸோ பக்கத்துச் சென்டோவில் டிராக்டர் கம்பெனி பிறந்தது இப்படித்தான். உழவனின் பையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு மட்டும் தோன்றும் யோசனை அது.

எங்கள் கிணற்றிலும் பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் ஒன்று இருந்தது. அப்பா கயிற்றைச் சுற்றி இழுப்பார். கிளம்பியதும் புறங்கையை அதன் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்த்துவிட்டுத்தான் டேப்பைத் திருப்புவார். நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் கார்ப்பரேட்டரில் மண்ணெண்ணெய் நின்றுவிடும். ஒருநாள் நான் மறந்துவிட்டேன். மறுநாள் எஞ்சின் கிளம்பவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடித்திருகைக் கழற்றி, தேங்கியதை ஒரு டப்பா மூடியில் பிடித்து, சொட்டு சிந்தாமல் திரும்ப டேங்கில் ஊற்றினார். சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்த்த அந்தக் கையைத்தான் கரியோக்காவில் நான் பார்க்கிறேன்.

1963இல் சான்ட்'அகாட்டா என்ற இத்தாலிய ஊரில் லம்போர்கினியின் கார் தொழிற்சாலை எழுந்ததற்குப் பின்னால் டிராக்டர் வாங்கிய உழவர்களின் பணம் இருந்தது. எழுபதுகளில் லம்போர்கினி டிராக்டர் கம்பெனியையும் விற்றார், கார் கம்பெனியையும் விற்றார். அப்புறம் மத்திய இத்தாலியின் அம்ப்ரியாவில், டிராசிமெனோ ஏரிப் பக்கம் இருந்த தன் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். 1993இல் இறந்தார். திராட்சைத் தோட்டத்துக்குத் திரும்பியதால் கீழே இறங்கிவிட்டார் என்பீர்களா?

தாத்தா இருக்கிறாரா? அவர் ஓட்டியது மாஸி ஃபெர்குசனா, வேறு வண்டியா? மார்கழி விடியலில் அதை எப்படிக் கிளப்புவார் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.