தேக்கு உத்தரத்தில் எலெக்ட்ரிக் கிட்டார்: முதலில் நெக்கை வாங்குங்கள், பிறகு மரத்தை அறுங்கள்

கேள்வி: குடியாத்தத்தில் தாத்தா காலத்து வீட்டைப் பிரித்தபோது 5-க்கு 4 அங்குலத் தேக்கு உத்தரங்கள் கிடைத்தன. அதில் எலெக்ட்ரிக் கிட்டார் செய்ய ஆசை. அறுத்து இழைத்துத் தர தெரிந்த ஆசாரி இருக்கிறார், சின்ன ரவுட்டர் என்னிடம் உள்ளது. தேக்கு சரிவருமா? நெக்கையும் (கம்பிகள் ஓடும் கழுத்துப் பகுதி) நானே செய்யலாமா? எங்கெங்கே தப்பு வரும்?

பதில்: நெக்கை விட்டுவிடுங்கள். ஃபிரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வெட்டு தள்ளிப்போனால் அந்த இடத்தில் சுருதி காதில் இடிக்கும். நெக்கின் வளைவைத் திருத்த உள்ளே போகும் டிரஸ் ராடு என்ற இரும்புக் கம்பிக்குக் காடி எடுப்பது, ஃபிரெட்டுகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது எல்லாம் தனித் தொழில். போல்ட் போட்டு மாட்டும் மேப்பிள் நெக் தயாராகவே கிடைக்கிறது. பாடியை மட்டும் நீங்கள் செய்யுங்கள். பாடியில் எந்தப் பிழையையும் மறைத்துவிடலாம், இரண்டைத் தவிர: நெக் உட்காரும் பள்ளம், கம்பிகளின் அடி முனையைத் தாங்கும் பிரிட்ஜ் நிற்கும் இடம்.

அதனால் நெக், பிரிட்ஜ், பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச்சுருள்), பாட் (வால்யூம், டோன் குமிழின் உள்பாகம்), ஜாக் (கேபிள் செருகும் துளை), டியூனர் (கம்பியை முறுக்கும் சாவி), திருகு வரை எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் ரம்பம். இணையத்தில் கிடைக்கும் வரைபடத்தை நம்பி பள்ளம் எடுத்துவிட்டு, பிறகு வந்த நெக் ஒரு மில்லி ஒல்லியாக இருந்தால் அது ஆடிக்கொண்டே இருக்கும், சுருதி நிற்காது. முதல் கிட்டாருக்கு எங்கள் சிபாரிசு: 648 மி.மீ. ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) நெக், ஸ்பிரிங் இல்லாத ஹார்ட்டெயில் பிரிட்ஜ், பிரிட்ஜ் பக்கம் ஒரே ஒரு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்), ஒரு வால்யூம், ஒரு டோன். ஃபெண்டர் கிட்டார்களின் அளவு இந்த 648. கிப்சன் வகையில் சுமார் 628. அந்த வகை டியூனோமேட்டிக் பிரிட்ஜ் உயரமானது, அதற்கு நெக்கைச் சாய்த்துப் பொருத்த வேண்டும். முதல் முயற்சியில் அந்தக் கோணக் கணக்கு வேண்டாம்.

தேக்கு தாராளமாகச் சரிவரும். ஆனால் மூன்று குணங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். கனம் அதிகம், எண்ணெய்ப் பசை உண்டு, மரத்துக்குள் இருக்கும் சிலிக்கா ரவுட்டர் பிட்டைச் சீக்கிரம் மழுக்கும். பிட் மழுங்கினால் வெட்டாது, கருக்கும். கருகல் வாடை வந்ததும் பிட்டை மாற்றிவிடுங்கள். இன்னும் இலகுவாக வேண்டுமானால் மலைவேம்பு. வீணைக்குப் பயன்படும் பலாவும் நல்ல தேர்வு. ஜவ்வாது மலைப் பக்கத்து ஆள் என்பதால் ஒரு எச்சரிக்கை: செம்மரம், சந்தனம் என்று யாராவது சல்லிசாகக் கொண்டுவந்தால் தொடாதீர்கள். கிட்டாருக்கு முன்னால் வனத்துறை வழக்கு வந்து நிற்கும்.

உத்தரத்தை வாள்பட்டறைக்கு அனுப்பும் முன் காந்தம் வைத்து நாலு பக்கமும் தடவுங்கள். பழைய ஆணி ஒன்று போதும், பிளேனர் பிளேடு போய்விடும், ஆசாரி உங்களிடம் பேசவே மாட்டார். 4 அங்குலப் பக்கத்தை நடுவில் பிளந்தால் 48 மி.மீ. கனத்தில் இரண்டு பலகை வரும். அரை மீட்டர் நீளத்தில் மூன்று பலகை தேவை. அறுத்த உடனே ஒட்டாதீர்கள். இடையில் ரீப்பர் கட்டை வைத்து நிழலில் இரண்டு வாரம் அடுக்கி வையுங்கள். எத்தனை பழைய மரமானாலும் பிளந்ததும் உள்ளிறுக்கம் விடுபட்டுக் கொஞ்சம் முறுக்கும். முறுக்கட்டும், பிறகு இழைத்துக்கொள்ளலாம். மூன்றையும் பக்கவாட்டில் ஒட்டினால் சுமார் 360 மி.மீ. அகலம் கிடைக்கும், 325 மி.மீ. அகலப் பாடிக்கு இது போதும். நெக் பள்ளமும் பிரிட்ஜும் நடுப் பலகையிலேயே விழும் என்பது இதில் கூடுதல் லாபம்.

ஒட்டும்போதுதான் தேக்கு ஏமாற்றும். ஒட்டுமுகத்தைப் புதிதாக இழைத்து, அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துணியில் பழுப்பு ஏறுவது நிற்கும் வரை துடைத்து, அது உலர்ந்த சில நிமிடத்திலேயே பசை போடுங்கள். இழைத்த மரத்தை மறுநாள் ஒட்டினால் எண்ணெய் மேலே வந்துவிட்டிருக்கும். வெள்ளை மரப்பசை பிடிக்கும். எபாக்ஸி இன்னும் நம்பகம். 15 செ.மீ.க்கு ஒரு கிளாம்ப், இரவு முழுக்க. எபாக்ஸி என்றால் கிளாம்ப்பை முழு பலத்தில் முறுக்காதீர்கள், பசை எல்லாம் வெளியே பிதுங்கி மூட்டு வறண்டுவிடும்.

பிறகு 44 மி.மீ.க்கு இழைத்து, நடுவில் ஒரு மையக்கோடு. இந்தக் கோட்டைக் கடைசி நாள் வரை அழிக்கக் கூடாது. 12 மி.மீ. எம்.டி.எஃப்.பில் பாடியின் டெம்ப்ளேட் வெட்டி ஒட்டுங்கள். ஜிக் சாவில் கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே அறுத்து, மிச்சத்தை, டெம்ப்ளேட் விளிம்பில் உருளும் பேரிங் வைத்த பிட்டால் எடுங்கள். ஒரு தடவைக்கு 3 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகாதீர்கள். வெளி விளிம்பில் ரவுட்டரை இடஞ்சுழியாக நகர்த்துங்கள், உள் குழியில் வலஞ்சுழியாக. திசை மாறினால் பிட் மரத்தைக் கவ்விக்கொண்டு ஓடும். பாடியின் கொம்பு நுனிகளில் மர ரேகை குறுக்கே திரும்பும். சில்லு பறப்பது அங்கேதான், எனவே அங்கே உப்புத்தாளே பாதுகாப்பு.

நெக் பள்ளத்தின் டெம்ப்ளேட்டை உங்கள் நெக்கின் அடிப்பகுதியையே வைத்துச் செய்யுங்கள். அகலம் 56 மி.மீ. அளவில் இருக்கும், ஆழம் 16 மி.மீ. திருகு இல்லாமலே நெக்கைச் செருகித் தூக்கினால் பாடி ஒரு கணமாவது தொங்க வேண்டும், அதுதான் பதம். நெக் அடிக்கட்டையின் கனம் 25 மி.மீ. என்றால் 9 மி.மீ. பாடிக்கு மேலே நிற்கும். ஹார்ட்டெயில் பிரிட்ஜின் சேடில் (ஒவ்வொரு கம்பியும் தங்கும் நகரும் துண்டு) உயரத்துக்கு அது ஒத்துவரும்.

இப்போது பிரிட்ஜ். நெக்கை கிளாம்ப்பில் பிடித்துவிட்டு, நட்டின் (நெக்கின் மேல் முனையில் கம்பிகள் தங்கும் காடிக் கட்டை) முன் விளிம்பிலிருந்து 12-வது ஃபிரெட் வரை அளவுங்கள். 324 மி.மீ. வர வேண்டும். வேறு எண் வந்தால் அதன் இரட்டிப்புதான் உங்கள் ஸ்கேல். விற்றவர் சொன்ன எண்ணை மறந்துவிடுங்கள். மெல்லிய கம்பிக்கான சேடிலை ஏறக்குறைய முழுவதும் முன்னால் தள்ளி, அதன் உச்சி 648-ல் நிற்கும்படி பிரிட்ஜை வையுங்கள். எல்லா சேடிலுக்கும் பின்னால் நகரத்தான் இடம் தேவை, தடித்த ஈ கம்பிக்கு 3 முதல் 5 மி.மீ. வரை. சேடிலை நடுவில் வைத்து அளந்துவிட்டு, கடைசியில் பின்னால் இடம் போதாமல் தவிப்பவர்கள் நிறைய. அடுத்து இரண்டு ஓரக் கம்பிகளின் இடத்தில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை நூல் கட்டுங்கள். ஃபிரெட்போர்டின் இரு விளிம்பிலும் நூலுக்கு ஒரே இடைவெளி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மட்டும் டிரில்.

நெக் திருகு நாலு, 45 மி.மீ. நீளம். கணக்குப் போடுங்கள்: 44-ல் பள்ளம் 16 போனால் மிச்சம் 28, திருகுத் தலைக்கு அடியில் வரும் உலோகப் பிளேட் ஒன்றரை, நெக்குக்குள் போவது 15-க்குக் கொஞ்சம் மேல். கனத்தைக் குறைக்கப் பாடியை 42-க்கு இழைத்தால் 17-க்கு மேல் போகும், அதுவே எல்லை. அதைத் தாண்டினால் திருகு முனை ஃபிரெட்போர்டைக் கீழிருந்து முட்டும். பாடித் துளை 4.5 மி.மீ., அதில் திருகு தானாக நழுவ வேண்டும். நெக்கில் 3 மி.மீ. துளை. மேப்பிள் கடினம், திருகில் மெழுகுவத்தி தேய்க்காமல் முறுக்கினால் தலை முறிந்து உள்ளேயே தங்கிவிடும்.

ஹம்பக்கர் குழி 19 மி.மீ. ஆழம், கால்கள் இறங்கும் இரண்டு ஓரத்தில் மட்டும் இன்னும் சில மில்லி. பின்பக்கக் கன்ட்ரோல் குழியில் மேல்தோல் 6 மி.மீ. விடுங்கள், அதற்கு மேல் விட்டால் பாட்டின் மரை வெளியே எட்டாது. பிரிட்ஜ் அடியிலிருந்து கன்ட்ரோல் குழிக்கு 3 மி.மீ. துளை ஒன்றை பாலிஷுக்கு முன்பே போட்டுவிடுங்கள், கிரவுண்ட் வயருக்கு. பலரும் மறப்பது இதைத்தான்.

பாலிஷுக்கு நம் ஊரில் தை, மாசி நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடித்தால் தின்னர் ஆவியாகும் வேகத்தில் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து பால் போல வெளுத்துவிடும். கத்திரி வெயிலில் துளிகள் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும். சீலர் இரண்டு கை, 320 உப்புத்தாள், மெல்லியதாக ஆறேழு கை லாக்கர். நெக் பள்ளத்தை டேப் போட்டு மூடிவிடுங்கள், இல்லையென்றால் லாக்கர் கனத்தில் நெக் உள்ளே போகாது. அடுப்பு, விளக்கு இருக்கும் இடத்தில் லாக்கர் அடிக்கவே கூடாது.

வயரிங்: ஹம்பக்கருக்கு 500 கே (கிலோ ஓம்) பாட் இரண்டு, 0.022 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினால் மல்டிமீட்டரில் அளந்து எடுங்கள். பாட்டின் முதுகைச் சுரண்டிவிட்டு 40 வாட் அயர்னால் பற்றவையுங்கள். 25 வாட் அயர்ன் சூடு ஏறாமல் இழுக்க, அதற்குள் பாட் கெடும். குழிகளுக்குள் செம்புத்தாள் ஒட்டி அதையும் கிரவுண்டில் சேருங்கள். முடிந்ததும் பிரிட்ஜுக்கும் ஜாக்கின் ஸ்லீவுக்கும் (கிரவுண்ட் முனை) இடையே மீட்டர் பீப் அடிக்க வேண்டும். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா? வேலை சரி. கூடுகிறதா? ஜாக்கில் வயர் இரண்டும் இடம் மாறியிருக்கிறது. எர்த் இல்லாத பிளக்கில் ஆம்ப்ளிஃபயரைச் சொருகாதீர்கள். கிரவுண்ட் வயர் வழியாகக் கம்பியும் ஆம்ப்ளிஃபயரின் உடலும் ஒன்று. அதில் கசியும் மின்சாரம் உங்கள் விரலுக்கு வரும்.

கடைசியில் செட்டப். 10–46 கம்பி கட்டி, சுருதி சேர்த்து ஒரு நாள் விடுங்கள். முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, நெக் சேரும் இடத்து ஃபிரெட்டில் விரல் அழுத்தினால் 7-வதில் 0.2 மி.மீ. சந்து தெரிய வேண்டும். டிரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். 12-வதில் கம்பி உயரம் மெல்லியதற்கு 1.6, தடித்ததற்கு 2 மி.மீ. அதே இடத்தில் அழுத்திய சுரம் ஹார்மோனிக்கை (கம்பியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் சுரம்) விடக் கூடுதலாக ஒலித்தால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், குறைந்தால் முன்னால்.

ஸ்டிராப்பை மட்டும் கடையில் வாங்காதீர்கள். பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கத்தில் 3 மி.மீ. தோல் வார் வெட்டித் தருவார்கள். இந்தத் தேக்கின் கனத்துக்கு 7 செ.மீ. அகலமாவது கேளுங்கள்.