மண்டபத்து வாசலில் மின்சாரக் கார்: வாசகர் கேள்வி பதில்

குடியிருப்பாளர் சங்கங்களும் கோயில் மண்டபங்களும் மின்சாரக் கார் அறிமுக நாள் நடத்துவதை ஒட்டி, கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

*கேள்வி: எங்கள் தாமானில் வரும் ஞாயிற்றுக்கிழமை மின்சாரக் கார், ஹைபிரிட் கார் அறிமுகம் வைக்கிறார்கள். சொந்தக்காரர்களே காரைக் கொண்டுவந்து காட்டுவார்களாம். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. போனால் எதைப் பார்ப்பது, என்ன கேட்பது? (வாசகி, செந்தூல்)*

பதில்: கிளம்பும் முன் வீட்டிலேயே மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், இரவில் கார் எங்கே நிற்கிறது, அந்த இடத்துக்கும் பிளக் பாயிண்டுக்கும் எவ்வளவு தூரம். இந்த மூன்றும் கையில் இல்லாமல் போகிறவர்கள் திரையின் அளவையும் இருக்கைத் தோலையும் மெச்சிவிட்டுத் திரும்புகிறார்கள்.

அங்கே எல்லாரும் முதலில் கேட்பது "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?" என்றுதான். அதைவிட "நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் (கிலோவாட் மணி) எடுக்கிறது?" என்று கேளுங்கள். திரையில் தெரியும் மிச்ச தூரம், அண்மையில் ஓட்டிய விதத்தை வைத்துக் கார் போடும் கணக்கு. மெதுவாக ஓட்டி வந்தவர் காரில் அது கூடுதலாகவும், நெடுஞ்சாலையில் விரட்டி வந்தவர் காரில் குறைவாகவும் இருக்கும். சராசரிச் செலவு அப்படி ஒரே நாளில் துள்ளாது. புரோட்டோன் இமாஸ் 7-இன் பெரிய பேட்டரி 60 யூனிட்டுக்குச் சற்று அதிகம். நூறு கிலோமீட்டருக்கு 16 யூனிட் என்றால் 375 கிலோமீட்டர் வரும். யாரும் கடைசிச் சொட்டு வரை ஓட்டமாட்டார்கள், பத்து விழுக்காட்டைக் கையிருப்பாக விட்டால் 335-க்குப் பக்கம். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குச் சுமார் 350 கிலோமீட்டர். மணிக்கு 110 கிலோமீட்டரில் போனால் செலவும் 16-ஐத் தாண்டும். ஆகவே வழியில் ஒரு முறை நிறுத்தி சார்ஜ் போட வேண்டும். இந்தக் கணக்கை அங்கேயே உங்கள் கைப்பேசியில் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, வெயிலில் நின்ற காரில் உட்கார்ந்து ஏர்கோனைப் போடச் சொல்லுங்கள். திரையில் கிலோவாட் கணக்கு ஓடும். ஆரம்பத்தில் 3, 4 கிலோவாட்கூட இழுக்கும். உள்ளே குளிர்ந்த பிறகு 1-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதாவது நெரிசலில் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றாலும் போவது ஒன்றிலிருந்து ஒன்றரை யூனிட், ஆறு முதல் ஒன்பது கிலோமீட்டர் ஓடும் மின்சாரம். ஜாமில் பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயத்தை எந்தப் பேச்சாளரையும்விட இந்த ஒரு எண் நன்றாகத் தீர்க்கும்.

பானட்டையும் திறக்கச் சொல்லுங்கள். மின்சாரக் காரிலும் 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது செத்தால், அடியில் இருக்கும் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் உயிர் பெறாது, கதவுகூடத் திறக்காமல் போகலாம். அது எங்கே இருக்கிறது, கதவை எந்தச் சாவியால் திறப்பது, சார்ஜ் கேபிள் மாட்டிக்கொண்டால் கையால் விடுவிக்கும் கயிறு எங்கே என்று மூன்றையும் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஸ்பேர் டயர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பல மின்சாரக் கார்களில் பசை டப்பாவும் காற்றடிக்கும் பம்ப்பும்தான் இருக்கும், டயரின் பக்கவாட்டுக் கிழிசலுக்கு அது உதவாது.

*கேள்வி: ஹைபிரிட், பிளக்-இன் ஹைபிரிட், மின்சாரக் கார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். பார்க்க ஒன்றாகவே இருக்கின்றன. சுருக்கமாகப் புரியவையுங்கள். (வாசகர், பட்டர்வொர்த்)*

பதில்: செம்பு, குடம், தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஹைபிரிட்டில் இருப்பது செம்பு: ஒன்று, ஒன்றரை யூனிட் பேட்டரி. வெளியிலிருந்து சார்ஜ் போட வழியே இல்லை. பிரேக் பிடிக்கும்போதும் இஞ்சின் ஓடும்போதும் நிரம்பும், கிளம்பும்போதும் மெதுவாக ஊரும்போதும் காலியாகும். மின்சாரத்தில் மட்டும் ஓடினால் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். மிச்சப்படுவது எண்ணெய், அதுவும் ஊருக்குள் நின்று நின்று போகும் ஓட்டத்தில். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு லாபம் குறைவு.

பிளக்-இன் ஹைபிரிட் குடம்: பெரும்பாலும் 10 முதல் 20 யூனிட். தினமும் சார்ஜ் போட்டால் வேலைக்குப் போய்வரும் தூரத்தை மின்சாரத்திலேயே முடித்துவிடலாம். சார்ஜ் போட இடம் இல்லாதவர் இதை வாங்கவே வேண்டாம். கனமான பேட்டரியைச் சுமந்துகொண்டு எண்ணெயில் ஓடும் கார்தான் மிஞ்சும். தொட்டிதான் முழு மின்சாரக் கார். அதில் இஞ்சினும் இல்லை, எண்ணெய்த் தொட்டியும் இல்லை.

அறிமுக நாளில் எளிய அடையாளம்: சார்ஜ் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மேலே ஏழு துளை உள்ள வட்டம் மட்டும் இருந்தால் டைப் 2, மெதுவான சார்ஜ். அதன் கீழே இரண்டு பெரிய துளைகளும் இருந்தால் சிசிஎஸ் 2, விரைவு டிசி (நேர் மின்னோட்ட) சார்ஜும் ஏற்கும். மூடியே இல்லாவிட்டால் அது செம்பு.

*கேள்வி: செபராங் ஜெயாவில் இரட்டை மாடி வரிசை வீடு. பாயான் லெப்பாஸில் வேலை. வீட்டு மூன்று முனை பிளக்கிலேயே சார்ஜ் போடலாம் என்று அறிமுக நாளில் ஒருவர் சொன்னார். இன்னொருவர் வீடு எரிந்துவிடும் என்றார். யாரை நம்புவது? (வாசகர், செபராங் ஜெயா)*

பதில்: இருவர் சொன்னதிலும் பாதி சரி. பாலம் தாண்டிப் போய்வர உங்களுக்கு 45, 50 கிலோமீட்டர் ஆகும். நூறுக்கு 16 யூனிட் என்றால் தினம் 8 யூனிட். மூன்று முனை பிளக்கில் மாட்டும் கையடக்க சார்ஜர் வழக்கமாக 10 ஆம்பியர், அதாவது சுமார் 2.3 கிலோவாட். வழியில் வீணாவதையும் சேர்த்தால் நாலு மணி நேரத்தில் அன்றைய செலவு திரும்பிவிடும். உங்கள் ஓட்டத்துக்குச் சுவர் சார்ஜர் கட்டாயம் இல்லை என்பதே எங்கள் கருத்து.

ஆனால் பிளக் பாயிண்டைப் பார்க்க வேண்டும். கெட்டில் 10 ஆம்பியர் இழுப்பது மூன்று நிமிடம், கார் இழுப்பது இரவு முழுக்க. பழைய சாக்கெட்டுக்குள் பித்தளை நாக்கு தளர்ந்திருந்தால் தொடுமிடம் சிறுத்து, அங்கே சூடு ஏறும், பிளாஸ்டிக் பழுப்பாகும், பிறகு உருகும். முதல் நாள் ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டபின், காரில் சார்ஜை நிறுத்தி, சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி அதன் உடலைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, கருகிய வாடை, துளையைச் சுற்றிப் பழுப்பு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த சாக்கெட்டில் மறுபடி போடாதீர்கள். கார் நிற்கும் இடத்துக்கு டிபி பெட்டியிலிருந்து (வீட்டு மின் விநியோகப் பெட்டி) தனி ஒயர் இழுத்துப் புதிய சாக்கெட் வைப்பதுதான் சரி. எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டவே வேண்டாம். சுருட்டி வைத்த ஒயரில் சூடு வெளியேற வழியில்லாமல் உள்சுற்று உருகிவிடக்கூடும்.

பிறகு சுவர் சார்ஜர் வைக்க நினைத்தால், ஒற்றை ஃபேஸில் 32 ஆம்பியர், சுமார் 7 கிலோவாட். அப்போது மெயின் சுவிட்சில் எழுதியிருக்கும் ஆம்பியரைப் பாருங்கள். 63 என்றால்: சார்ஜர் 32, குளியலறை ஹீட்டர் 15, மூன்று ஏர்கோன் 12, கெட்டில் 9. கூட்டினால் 68. இரவு எட்டு மணிக்கு எல்லாம் சேர்ந்து ஓடினால் மெயினின் எல்லை தாண்டிவிடும். வீட்டின் மொத்த இழுப்பை அளந்து தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜரைக் கேட்டு வாங்குங்கள், அதற்கு மெயின் ஒயரில் ஒரு சிறு வளையம் மாட்டுவார்கள். சாதாரண ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) டிசி கசிவை உணராது, அதனால் டைப் பி பாதுகாப்போ, 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவை உணரும் அமைப்பும் டைப் ஏ-யும் சேர்ந்ததோ கேளுங்கள். சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிவு பெற்ற ஒப்பந்ததாரரிடம் மட்டும் கொடுங்கள்.

*கேள்வி: கெந்திங் ஏறினால் மின்சாரக் காரில் பேட்டரி கரைந்துவிடும் என்கிறார்களே? (வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)*

பதில்: கரையும், ஆனால் கணக்காகத்தான். கோலாலம்பூரிலிருந்து கெந்திங் உச்சிக்கு ஏற்றம் ஏறக்குறைய 1,700 மீட்டர். ஆட்களோடு 2 டன் உள்ள காரை அத்தனை உயரம் தூக்க மட்டும் 9 யூனிட்டுக்குச் சற்று மேல் போகும், தூரத்துக்கான செலவு தனி. இறங்கும்போது அந்த 9-இல் பாதிக்கு மேல் திரும்ப வரும்.

கவனிக்க வேண்டியது இறக்கத்தில்தான். மேலே போய் நூறு விழுக்காடு சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த தொட்டியில் ஊற்ற முடியாது, மோட்டார் பிரேக் (மோட்டாரே காரை இழுத்துப் பிடித்துப் பேட்டரியை நிரப்புவது) வேலை செய்யாது, முழுப் பாரமும் சாதாரண பிரேக்கில் விழும். 80-க்குக் கீழே வைத்துக் கிளம்புங்கள். ஹைபிரிட்காரர்களுக்கும் இதே எச்சரிக்கை: செம்பு சில கிலோமீட்டர் இறக்கத்திலேயே நிரம்பிவிடும். கியர் தண்டில் "பி" இருந்தால் அதைப் போடுங்கள், இஞ்சின் உறுமும். அது கோளாறு இல்லை, இஞ்சின் பிரேக் பிடிக்கிறது.

*கேள்வி: என் மகன் கார் பழுதுபார்க்கும் போர்மனிடம் வேலை பழகுகிறான். இந்த மாதிரி நிகழ்ச்சியில் ஹைபிரிட் காரைத் திறந்து காட்டினால் அவனும் கை வைத்துப் பழகலாமா? (வாசகி, ஆயர் ஈத்தாம்)*

பதில்: பார்க்கட்டும், கேட்கட்டும். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற ஒயரைத் தொடும் வேலையை முறையான பயிற்சி எடுத்த பிறகே செய்ய வேண்டும். டிசி 60 வோல்ட்டைத் தாண்டினாலே ஆபத்து எல்லை. பழைய ஜாஸ் ஹைபிரிட்டே 100 வோல்ட், பிரியுஸ் சி 144, இன்றைய மின்சாரக் கார்கள் பெரும்பாலும் 400-ஐ ஒட்டி.

அவன் இன்றே மனத்தில் பதிக்க வேண்டியது டாஷ்போர்டில் எரியும் ரெடி விளக்கு. சத்தமே இல்லாமல் நிற்கும் ஹைபிரிட் அணைந்திருக்கிறது என்று பொருள் இல்லை. ரெடி எரிந்தால், பேட்டரி குறைந்த கணத்தில் இஞ்சின் தானாகக் கிளம்பும். அப்போது கை பெல்ட்டில் இருந்தால் விரல் போகும். எண்ணெய் மாற்றுவது போன்ற சாதாரண வேலைக்கும் காரை அணைத்து, சாவியைக் காரிலிருந்து ஐந்து மீட்டருக்கு மேல் தள்ளி வைக்கும் பழக்கம் வேண்டும்.

பயிற்சியில் கற்றுத்தரும் வரிசையைச் சொல்கிறோம், நிகழ்ச்சியில் காட்டுபவர் இதில் ஒன்றை விட்டாலும் அவன் கவனிக்கட்டும். காரை அணைப்பது. சாவியை அகற்றுவது. 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுவது. 1,000 வோல்ட் தாங்கும் கிளாஸ் 0 கையுறையை வாய்ப்பக்கம் சுருட்டிக் காற்றை அடைத்து ஓட்டை இல்லை என்று பார்ப்பது, அதன்மேல் தோல் உறை. பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை இழுத்துத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வது, வேறு யாரும் திருப்பி மாட்டிவிடக் கூடாது. பிறகு அந்தக் காரின் கையேடு சொல்லும் நேரம், பொதுவாக 10 நிமிடம், காத்திருப்பது. இன்வெர்ட்டருக்குள் (மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) இருக்கும் கெபாசிட்டர் பேட்டரி பிரிந்த பின்னும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அது வடிய நேரம் வேண்டும். கடைசியாக மீட்டர் வைத்துப் பூஜ்யம் என்று உறுதி செய்வது. அந்த மீட்டரையும் முன்னும் பின்னும் ஒரு 12 வோல்ட் பேட்டரியில் வைத்து வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும், செத்த மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும். மோதிரம், கைச்சங்கிலி எல்லாம் வீட்டில்.

*கேள்வி: செகண்ட் ஹேண்ட் பிரியுஸ் சி பார்த்திருக்கிறேன். பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகர், கெப்போங்)*

பதில்: பின் இருக்கையின் ஓரத்தில் காற்றுத் துளை இருக்கும், பேட்டரிக்குக் குளிர்ந்த காற்று போகும் வழி அதுதான். அதில் தூசும் பூனை முடியும் அடைத்தால் பேட்டரி வெந்தே சாகும். கைவிளக்கு அடித்துப் பாருங்கள். துளையே திண்டு போல அடைந்திருந்தால், சொந்தக்காரர் காரை எப்படி வைத்திருந்தார் என்பதும் தெரிந்துவிடும். பிறகு ஏர்கோன் போட்டு அரை மணி நேரம் ஊருக்குள் ஓட்டுங்கள். பேட்டரி அளவு சில நிமிடங்களுக்குள் நிறைவதும் காலியாவதுமாகத் தாவினால், பின்னால் விசிறி இரைந்தால், விலகிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் 20 கட்டைகளில் கெட்ட ஒன்றை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பார்கள். மற்ற 19-க்கும் அதே வயதுதான், சில மாதங்களில் அடுத்தது போகும்.

*கேள்வி: எங்கள் கோயில் மண்டபத்தில் இப்படி ஒரு நாள் நடத்த ஆசை. எதில் கவனம் வேண்டும்? (மண்டபப் பொறுப்பாளர், பாயான் பாரு)*

பதில்: நான்கு கார் போதும், ஒன்றுக்கு ஆறு பேர், கால் மணி நேரம், பிறகு சுழற்சி. சார்ஜ் போட்டுக் காட்டுவதாக இருந்தால் ஒரு சாக்கெட்டில் ஒரு கார்தான், இரண்டு சார்ஜரைச் சேர்த்து மாட்டினால் 20 ஆம்பியர், பிளக்கோ 13-க்கு உள்ளது. நகரும் ஒவ்வொரு காருக்கும் வெளியே ஒருவர் நிற்கட்டும், சத்தம் இல்லாமல் பின்னால் வரும் காரைக் குழந்தைகள் கவனிக்கமாட்டார்கள். மேசையில் ஒரு கருகிய சாக்கெட்டையும் தூசு அடைத்த பேட்டரி வடிகட்டியையும் வையுங்கள். திரையில் போடும் படங்களைவிட அவற்றைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும்.

*கேள்வி: மழையில் சார்ஜ் போடலாமா? வெள்ளத்தில் நின்ற மின்சாரக் காரை என்ன செய்வது? (வாசகர், ஜெலுத்தோங்)*

பதில்: மழையில் போடலாம். கேபிள் பூட்டி, காரும் சார்ஜரும் பேசிக்கொண்ட பிறகே மின்சாரம் பாயும். வீட்டில் மூன்று முனை பிளக் உள்ள முனைதான் பலவீனம், அதுவும் அந்த சார்ஜர் பெட்டியும் நனையாமல், தரையில் கிடக்காமல் உயரத்தில் இருக்கட்டும்.

வெள்ளம் வேறு. தண்ணீர் வடிந்த பின் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். நான்கு சக்கரமும் தரையில் படாத லோரியில் ஏற்றிப் போகச் சொல்லுங்கள். பார்த்து முடிக்கும் வரை வீட்டிலிருந்தும் மற்ற கார்களிலிருந்தும் 15 மீட்டராவது தள்ளித் திறந்தவெளியில் நிறுத்துங்கள். பேட்டரிக்குள் தண்ணீர் போயிருந்தால் சில நாள் கழித்தும் தீப்பிடிக்கக்கூடும், கடல்நீர் கலந்த வெள்ளம் என்றால் இன்னும் மோசம். புகையோ சீறும் சத்தமோ வந்தால் கிட்டே போகாமல் 999-ஐ அழைத்து, மின்சாரக் கார் என்பதை முதல் வாக்கியத்திலேயே பொம்பாவிடம் சொல்லிவிடுங்கள்.