நட்சத்திரத்துக்கு ஒரு சட்டம், சின்னப் பெடியனுக்கு ஒரு சட்டமா?

பிழை விடும் வீரர்களை உதைபந்தாட்டக் கழகங்கள் எப்படி நடத்துகின்றன என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெள்ளவத்தை வாசகர்: அண்ணா, ஆளைப் பார்த்துத்தான் தண்டனையா?

பெரும்பாலும் ஆமாம். 2015இல் இங்கிலாந்துக் கழகமான லெஸ்டர் சிட்டியில் நடந்ததைப் பாருங்கள். தாய்லாந்துப் பயணத்தில் எடுத்த ஆபாச வீடியோ ஒன்றில் இனவெறி வார்த்தைகள் கேட்டன. ஜூன் மாதம் மூன்று இளம் வீரர்களைக் கழகம் நீக்கியது. அவர்களில் ஒருவர் அப்போதைய முகாமையாளரின் சொந்த மகன். ஓகஸ்டில், அதே கழகத்தின் முன்கள வீரர் ஜேமி வார்டி ஒரு கசினோவில் கிழக்காசியர் ஒருவரை இனவெறி வார்த்தையால் ஏசிய வீடியோ வெளிவந்தது. அவருக்கு அபராதமும் ஒரு பயிற்சி வகுப்பும், அவ்வளவுதான். அந்தப் பருவத்தில் அவர் தொடர்ந்து 11 லீக் போட்டிகளில் கோல் அடித்தார், லெஸ்டர் சாம்பியன் ஆனது. இரண்டு சம்பவங்களும் அச்சொட்டாக ஒன்றல்ல, தாய்லாந்து வீடியோ இன்னும் மோசமானது. ஆனாலும் வார்டி கோல் அடிக்காத ஒரு பதிலாளாக இருந்திருந்தால் கழகம் இவ்வளவு பொறுமை காட்டியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

தெமட்டகொடை வாசகர்: ஆளை நீக்கினால் சம்பளம் மிச்சம்தானே?

சம்பளம் மிச்சம், போட்ட முதல் போய்விடும். 5 வருட ஒப்பந்தத்தில் 50 மில்லியன் கொடுத்து ஒருவரை வாங்கினால், கணக்கில் வருடத்துக்கு 10 மில்லியனாகக் கழிப்பார்கள். ஒரு வருடத்தில் நீக்கினால் மீதி 40 மில்லியனும் ஒரேயடியாக நட்டத்தில் விழும். அதோடு அவரை வேறு கழகம் சும்மா தூக்கிக்கொள்ளலாம். கழகத்தின் அகடமியிலேயே வளர்ந்த பெடியனுக்குக் கணக்கில் அப்படி ஒரு விலையே இல்லை. அதனால்தான் அவனை நீக்குவது சுலபம்.

துணிந்து நீக்கிய கழகமும் உண்டு. 2004இல் கொக்கெய்ன் பரிசோதனையில் அகப்பட்ட அட்ரியன் முட்டுவைச் செல்சி நீக்கியது. தடைக்காலம் முடியுமுன்பே அவர் ஜுவென்டஸ் போய்ச் சேர்ந்தார். செல்சிக்கு அவர் 1 கோடி 70 இலட்சம் யூரோவுக்கு மேல் நட்டஈடு கட்ட வேண்டுமென்று பீபா உத்தரவிட்டதே 2008இல்தான்.

கொட்டாஞ்சேனை வாசகர்: மன்செஸ்டர் சிட்டியின் முன்கள வீரர் டெவெஸ் இனி விளையாட மாட்டார் என்று முகாமையாளர் மன்சினி சொன்னாரே?

சொன்னார். 2011 செப்டெம்பரில், மியூனிக்கில், டெவெஸ் களமிறங்க மறுத்தார் என்பதுதான் குற்றச்சாட்டு. மன்செஸ்டர் சிட்டி நான்கு வாரச் சம்பளத்தை அபராதமாகப் போட்டது, வீரர் சங்கம் தலையிட்டு இரண்டு வாரமாக்கியது. மார்ச்சில் சிட்டிக்குப் புள்ளிகள் தேவைப்பட்டன, ஆள் திரும்பி வந்தார். ஏப்ரலில் நோரிச்சுக்கு எதிராக ஹட்ரிக். அந்த லீக்கை சிட்டி கோல் வித்தியாசத்தில் வென்றது.

பம்பலப்பிட்டி வாசகர்: நட்சத்திரத்தை உண்மையாகத் தண்டித்த கழகமே இல்லையா?

1995இல் பார்வையாளரை உதைத்த கன்டோனாவை, மன்செஸ்டர் யுனைட்டட் தானாகவே பருவம் முடியும்வரை நிறுத்தியது. ஒரே ஒரு புள்ளியில் லீக்கை இழந்தது.

மருதானைப் பயிற்றுவிப்பாளர்: 16 வயதுக்குட்பட்ட எங்கள் அணியின் முக்கிய ஸ்ட்ரைக்கர் மத்தியஸ்தரைத் தூஷணத்தால் ஏசிவிட்டான். ஞாயிறு இறுதிப் போட்டி. என்ன செய்யலாம்?

வெளியே இருத்துங்கள், தம்பி. இதையே பதில் கோல்காப்பாளர் செய்திருந்தால் என்னிடம் கேட்டிருப்பீர்களா? அவனிடமும் பெற்றோரிடமும் இன்றே பேசுங்கள், போட்டியன்று காலையில் சொல்லாதீர்கள். மத்தியஸ்தரிடம் நேரில் மன்னிப்புக் கேட்கட்டும். ஞாயிறு அணியோடு வந்து பெஞ்சில் இருக்கட்டும், ஒதுக்கி வீட்டில் விடவேண்டாம். அடுத்த பருவம் தொடங்க முன், எந்தப் பிழைக்கு எத்தனை போட்டி என்று எழுதி, பெடியன்களிடமும் பெற்றோரிடமும் கையொப்பம் வாங்கி வையுங்கள்.