டபரா டம்ளரும் பியாஜேவும்: மனித வளர்ச்சிப் பாடம் பற்றிய கேள்வி பதில்

சென்னையில் ஒரு மகளிர் கல்லூரியில் 21 வருடமாக மனித வளர்ச்சிப் பாடம் எடுத்து வருகிறேன். கருவில் தொடங்கி முதுமை, இறப்பு வரை போகும் பாடம் இது. செமஸ்டர் தொடங்கும் சமயம் என்பதால் மாணவிகள், பெற்றோர், ஒரு தாத்தா என்று பலரும் கேட்டிருந்தார்கள். என்னால் பதில் சொல்ல முடிந்தவற்றை எடுத்துக்கொண்டேன்.

வியாசர்பாடி, முதலாமாண்டு மாணவி: மேடம், பியாஜே நாலு நிலை, எரிக்சன் எட்டு, கோல்பெர்க் ஆறு. எல்லாம் தலைக்குள் கலந்துவிடுகிறது. எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது?

இந்த மூன்று உளவியலாளர்களும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைப்பதால்தான் கலக்கிறது. குழந்தை எப்படி யோசிக்கிறது என்பது பியாஜேயின் கேள்வி. மனிதர்களோடு எப்படி ஒட்டுகிறோம், நம்மை யாராக நினைக்கிறோம் என்பது எரிக்சனின் கேள்வி. சரி, தப்பு என்பதற்கு என்ன காரணம் சொல்கிறோம் என்பது கோல்பெர்க்கின் கேள்வி. நோட்டில் முதலில் இந்தக் கேள்வியை எழுதுங்கள், நிலைகளை அதன் கீழே எழுதுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

மீதிப் பாதிக்கு நோட்டை மூடிவிட்டு அடுக்களைக்குப் போங்கள். ஒரே மாதிரி இரண்டு டபராவில் ஒரே அளவு பால் ஊற்றி, நாலு வயதுக் குழந்தையிடம் காட்டுங்கள். "ரெண்டும் சமமா?" என்றால் "சமம்" என்று சொல்லும். அப்புறம் அதன் கண் முன்னாலேயே ஒரு டபராப் பாலை ஒடுங்கிய, உயரமான டம்ளரில் ஊற்றுங்கள். இப்போது கேட்டால், பெரும்பாலும் விரலை டம்ளரில் பால் நிற்கும் இடத்தில் வைத்து "இதுலதான் நிறைய" என்று சொல்லும். நீங்கள் ஒரு சொட்டுகூடச் சேர்க்கவில்லை என்பதை அது பார்த்துக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் உயரம் அதன் கண்ணை இழுத்துவிடுகிறது. இதையே எட்டு வயது அக்காவிடம் கேளுங்கள். "திருப்பி ஊத்தினா அதே அளவுதானே" என்பாள். பியாஜே 7 வயதை ஒட்டி ஒரு கோடு போட்டது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். ஒருமுறை பார்த்துவிட்டால் பரீட்சை ஹாலில் மறக்காது.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒரே கேள்வியைப் பெரியவர் இரண்டாவது தடவை கேட்டால், முதலில் சொன்னது தப்போ என்று குழந்தை பதிலை மாற்றிக்கொள்ளலாம். பியாஜேக்குப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். விடைத்தாளில் இந்த விமர்சனத்தையும் எழுதுங்கள். நான் திருத்தும்போது அந்த வரியைத்தான் தேடுவேன்.

குரோம்பேட்டை, இரண்டாமாண்டு மாணவி: அக்கா குழந்தைக்குப் பத்து மாதம். இன்னும் தவழவில்லை. புத்தகத்தில் ஒன்பது மாதம் என்று போட்டிருக்கிறது. வீட்டில் எல்லோரும் பயந்துபோயிருக்கிறோம்.

புத்தகத்தில் இருப்பது சராசரி. சராசரியைக் கெடு தேதி மாதிரி படித்துவிட்டீர்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை மாதாமாதம் பார்த்து, 2006ல் கணக்கு வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை எப்போது வந்தாலும் இயல்புதான். கையும் முட்டியும் ஊன்றித் தவழ்வதற்கு 13.5 மாதம் வரை இடம் இருக்கிறது. நூற்றுக்குச் சுமார் நாலு குழந்தைகள் அப்படித் தவழாமலே நடக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

பிள்ளைத்தமிழ்ப் பருவங்களைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். பாட்டியல் நூல்களின் ஒரு கணக்கில் செங்கீரை 5ஆம் மாதம், சப்பாணி 9ஆம் மாதம், வருகை 13ஆம் மாதம். கையூன்றித் தலை நிமிர்த்துவது, கை கொட்டுவது, தளர்நடை போட்டு வருவது என்ற இந்த வரிசையை இன்றைய குழந்தை மருத்துவ அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்தால் பெரிதாக இடிக்காது. மாதம் மட்டும் நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும். குழந்தைக்குக் குழந்தையும் அப்படித்தான் மாறுகிறது. இந்தப் பருவங்களைப் பாடினவர்கள் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் சில விஷயங்களில் காத்திருக்கக் கூடாது. பத்து மாதமாகியும் பிடிக்காமல் உட்கார முடியவில்லை, ஒரு பக்கக் கையை மட்டுமே பயன்படுத்துகிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை, முன்பு செய்ததை இப்போது விட்டுவிட்டது. இதில் ஏதாவது ஒன்று இருந்தால்கூட அக்காவை நாளைக்கே குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. நம் பாடம் நோயைக் கண்டுபிடிக்க அல்ல, எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ள.

வேளச்சேரி, இரண்டாமாண்டு மாணவி: அங்கன்வாடிக்குப் போய் அப்சர்வேஷன் ரெக்கார்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். என்ன எழுதுவது என்றே தெரியவில்லை.

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். நான் மாணவியாக இருந்தபோது எழுதிய முதல் ரெக்கார்டில் "குழந்தை அடம் பிடிக்கிறான், வீட்டில் செல்லம் அதிகம்" என்று எழுதியிருந்தேன். என் ஆசிரியை அந்த வரியைச் சிவப்பு மையில் சுழித்து, "அவன் வீட்டுக்குப் போனாயா?" என்று மட்டும் ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு அழுதேன். இந்தத் தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு வரிதான்.

கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். இப்படி: "காலை 10.40. மூன்றரை வயதுப் பையன். தட்டில் சத்துமாவு உருண்டை. இரண்டாகப் பிட்டான். பெரிய துண்டைப் பக்கத்துச் சிறுமி பக்கம் தள்ளினான். அவள் எடுத்ததும், அவள் தட்டையே பார்த்தான். கீழ் உதடு துடித்தது. தன் துண்டை வாயில் வைக்கவில்லை. ஆயா வந்து அவன் தலையைத் தொட்டதும் சாப்பிடத் தொடங்கினான்." இவ்வளவுதான். பகிர்தலா, வருத்தமா, ஆயாவோடு இருக்கும் ஒட்டுதலா என்று யோசிப்பதை வலது பக்கத்தில் தனியாக எழுதுங்கள். ஒரு காட்சிக்கு இரண்டு விளக்கமாவது எழுதிப் பாருங்கள்.

ஒரே குழந்தையை மூன்று வெவ்வேறு நாள் பாருங்கள். பசி நேரத்தில் ஒரு நாள், விளையாட்டு நேரத்தில் ஒரு நாள், தூங்கி எழும்போது ஒரு நாள். அங்கன்வாடி டீச்சரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பெயர் எழுத வேண்டாம், போனில் படம் எடுக்கவே வேண்டாம். அப்புறம், கையில் நோட்டோடு நின்றுகொண்டிருந்தால் குழந்தைகள் உங்களையே பார்ப்பார்கள். ஓரமாகத் தரையில் உட்காருங்கள். பத்து நிமிடத்தில் உங்களை மறந்துவிடுவார்கள்.

அம்பத்தூர், ஒரு தாய்: ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது அறிவியல்படி உண்மையா?

பாதி உண்மை. முதல் சில வருடங்களில் மூளை வேகமாக வளர்கிறது, அப்போது கிடைக்காத அன்புக்கும் பேச்சுக்கும் விலை உண்டு. ருமேனிய அனாதை இல்லங்களிலிருந்து தத்துப்போன குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் வெளியே வந்தவர்கள் பெரும்பாலும் நன்றாகத் தேறினார்கள். அதற்கு மேல் அங்கே இருந்தவர்களில் பலருக்குச் சிரமம் நீடித்தது, ஆனால் எல்லோருக்கும் அல்ல. இன்னொரு பக்கம், லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களின் மூளையைப் படம் எடுத்து 2000ல் ஓர் ஆய்வு வந்தது. ஊரின் தெருக்களையெல்லாம் மனதில் வைத்திருந்த அவர்களுக்கு, வழியை நினைவில் வைக்கும் பகுதியின் பின்பக்கம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. ஐம்பதிலும் வளையும் அம்மா, அதிக நேரம் பிடிக்கும்.

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: பேத்தியின் புத்தகத்தைப் புரட்டினேன். குழந்தைக்குப் பல அத்தியாயம், அறுபதுக்கு மேல் கடைசி இரண்டுதான். அதிலும் மறதி, தேய்மானம். எங்களுக்கு வளர்ச்சியே இல்லையா?

ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. வகுப்பிலும் அந்தக் கடைசி யூனிட்டைப் பரீட்சைக்கு முந்தைய வாரத்தில் அவசரமாக ஓட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதனால் நான் முதுமையில் தொடங்கித்தான் பாடம் நடத்துகிறேன்.

ஜெர்மன் உளவியலாளர் பால் பால்டெஸ் சொன்னது இது: எந்த வயதிலும் வரவும் உண்டு, இழப்பும் உண்டு, விகிதம்தான் மாறுகிறது. புதுக் கணக்கைச் சட்டென்று போடும் வேகம் இருபதுகளுக்குப் பின் மெல்லக் குறைகிறது. சொல்வளமும் அனுபவ அறிவும் அறுபதை ஒட்டியும் தாக்குப்பிடிக்கின்றன. அமெரிக்காவில் வார்னர் ஷாயி 1956ல் தொடங்கிய சியாட்டில் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. இருபது வயதுக்காரரையும் எழுபது வயதுக்காரரையும் ஒரே நாளில் சோதித்து ஒப்பிட்டால், அறிவுத்திறன் சீக்கிரமே சரிவதாகத் தெரிகிறது. அதே ஆளை ஏழு வருடத்துக்கு ஒருமுறை தொடர்ந்து சோதித்தால், அறுபது வரை பெரும்பாலான திறன்களில் பெரிய சரிவு இல்லை. காரணம் எளிது. ஐந்தாம் வகுப்போடு நின்ற பாட்டியையும் காலேஜ் படிக்கும் பேத்தியையும் ஒப்பிட்டுவிட்டு, வித்தியாசம் முழுவதையும் வயதின் தலையில் போட முடியுமா?

பேத்தியிடம் ஒன்று சொல்லுங்கள். அவளுடைய கேஸ் ஸ்டடிக்கு உங்களையே பேட்டி எடுக்கட்டும். கம்ப்யூட்டர் வந்த வருடம் லெட்ஜரை மூடிவைத்துவிட்டுப் புதிதாகக் கற்றுக்கொண்டதைச் சொல்லுங்கள். பாடத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பெரம்பூர், முதுகலை மாணவர்: எல்லாமே மேல்நாட்டு ஆட்கள் எழுதியது. நமக்குப் பொருந்துமா?

கேட்க வேண்டிய கேள்வி, தம்பி. ஆனால் எல்லாம் மேல்நாட்டு வீடுகளில் மட்டும் பிறந்தது என்று சொல்ல முடியாது. உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் தாய்-சேய் ஒட்டுதலை முதலில் கவனித்தது உகாண்டா கிராமங்களில். எரிக்சன் அகமதாபாத் மில் தொழிலாளர் போராட்டத்தை மையமாக வைத்துக் காந்தியைப் பற்றி 1969ல் ஒரு புத்தகமே எழுதினார்.

இடிக்கும் இடங்களும் உண்டு. ஐன்ஸ்வொர்த் பின்னாளில் செய்த சோதனையில் தாய் அறையை விட்டு வெளியே போவாள், முன்பின் தெரியாதவர் குழந்தையோடு இருப்பார். பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று ஆறு இடுப்பு மாறி வளரும் குழந்தை அங்கே அழாமல் இருந்தால், தாயோடு ஒட்டுதல் இல்லை என்று எழுதிவிடலாமா? எரிக்சன் சொல்லும் 'நான் யார்' என்ற தேடலும் அப்படித்தான். எந்தப் படிப்பு, எப்போது கல்யாணம் என்பதை வீடு கூடி முடிவு செய்யும் இடத்தில் அந்தத் தேடல் வேறு வடிவம் எடுக்கிறது. உங்கள் ஆய்வுத் தலைப்பை அங்கே தேடுங்கள்.

தாம்பரம், 42 வயது இல்லத்தரசி: தபாலில் சைக்காலஜி படித்துக் கவுன்சலிங் சென்டர் வைக்கலாமா?

2025-26 கல்வியாண்டிலிருந்து தொலைநிலையிலும் ஆன்லைனிலும் சைக்காலஜி பட்டத்துக்குப் புதுச் சேர்க்கை கூடாது என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சொல்லிவிட்டது. யாராவது சீட் இருக்கிறது என்றால் பணம் கட்டாதீர்கள். நேரில் கல்லூரிக்குப் போய்ப் படிப்பதுதான் வழி. இளங்கலை மட்டும் முடித்துவிட்டு க்ளினிகல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்டவும் முடியாது, அதற்கு ஆர்.சி.ஐ. என்ற இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். குழந்தைகளோடு வேலை செய்வதுதான் ஆசை என்றால், முன்பருவக் கல்வி, சிறப்புக் கல்வி பக்கமும் விசாரியுங்கள்.

பெயர், ஊர் குறிப்பிடாத மாணவி: போன மாதம் அப்பா இறந்துவிட்டார். அடுத்த வாரம் மரணம், துக்கம் யூனிட். ஐந்து நிலை என்று படிக்கிறேன். எனக்கு அந்த வரிசையில் எதுவுமே வரவில்லை. எனக்கு என்ன ஆயிற்று?

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை அம்மா. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்த ஐந்து நிலைகளை மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969ல் எழுதியது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளோடு பேசி. அப்பாவை இழந்த மகளுக்காக எழுதப்பட்டது அல்ல அது. எல்லோரும் அந்த வரிசையில்தான் போக வேண்டும் என்பதும் இல்லை என்று பின்னர் அவரே தெளிவுபடுத்தினார். ஒரு நாள் சிரித்துவிட்டு மறுநாள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுவதும் துக்கம்தான். அழுகையே வராமல் இருப்பதும் துக்கம்தான்.

வகுப்புக்கு முன்பே உங்கள் ஆசிரியையிடம் போய் இதே இரண்டு வரியைச் சொல்லுங்கள். கதவுப் பக்கம் உட்காருங்கள், முடியவில்லை என்றால் எழுந்து வெளியே போங்கள். அந்த யூனிட்டுக்கான அசைன்மென்ட்டை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்பது தப்பில்லை. சாப்பாடும் தூக்கமும் அடியோடு நின்றுவிட்டாலோ, வாழவே வேண்டாம் என்று தோன்றினாலோ 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், அரசு நடத்துவது, கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம்.