பிள்ளை மேல் ஆணை

ஐயா, வணக்கம்.

எனக்குச் சொந்த ஊர் பென்னாகரம் பக்கம், வேலை ஓசூரில். கொஞ்ச காலமாகக் கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவினரான குவேக்கர்களைப் பற்றி வாசித்து வருகிறேன். பாதிரியார் கிடையாது, சடங்கு கிடையாது, எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருக்க உள்ளே உந்தப்பட்டவர் மட்டும் எழுந்து பேசுவார் என்பது என்னை மிகவும் ஈர்த்தது. தினமும் காலையில் அரைமணி நேரம் அப்படி உட்காருகிறேன்.

எங்கள் பங்காளிகளின் வாட்ஸப் குழுவுக்கு நான்தான் அட்மின். பெரியப்பா ஒருவர் வேறு சாதிப் பையன்களைப் பற்றி மோசமான செய்திகளைப் போடுகிறார். "நூறு சதவீதம் உண்மை. பெற்ற பிள்ளைகள் மேல் அக்கறை இருந்தால் பகிரவும்" என்று முடியும். வாக்குவாதம் செய்தால் என் மன அமைதி கெடுகிறது. அதனால் மௌனமாக இருந்துவிடுகிறேன். இதுதானே குவேக்கர் வழி? மதம் மாறாமல் அப்படி வாழ முடியுமா? என்ன படிக்கலாம்?

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்.,

மதம் மாறுவது பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். படிப்பதற்கு மார்ஜரி சைக்ஸிடமிருந்து தொடங்குங்கள். 1928இல் சென்னைக்கு ஆசிரியையாக வந்து, தமிழ் கற்று, காந்தியின் கல்விப் பணியில் இருந்து, கோத்தகிரியில் வாழ்ந்த குவேக்கர் அவர். காலையில் உட்காருகிறீர்களே, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வேலைக்கு ஓடுகிற வாழ்க்கையில் அதற்கு மனம் வந்ததே பெரிய விஷயம்.

ஆனால் குவேக்கர்கள் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்கள் சத்தியம் செய்ய மறுத்ததுதான். சில நாட்களாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸும் அவரைச் சேர்ந்தவர்களும் கோர்ட்டில் சத்தியப்பிரமாணம் செய்ய மாட்டோம் என்றார்கள். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று இருக்கச் சொன்னார் ஏசு. சத்தியம் செய்து சொல்வது மட்டும்தான் உண்மை என்றால், மற்ற நேரத்தில் பேசியதெல்லாம் எந்தக் கணக்கு? இதற்காக 1662இல் தனிச்சட்டமே போட்டு அவர்களைச் சிறையில் தள்ளினார்கள். உறுதி கூறினால் போதும் என்று சட்டம் இறங்கிவர 1696 ஆனது. இன்று தருமபுரி கோர்ட்டில் கூண்டில் ஏறும் சாட்சியும் கடவுள் பெயரைச் சொல்லாமல் உறுதி கூறலாம், 1969ஆம் வருடச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது.

எங்கள் தாத்தா மாட்டுத் தரகர். செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் சந்தைக்கு என்னையும் கூட்டிப்போவார். கையை மூடித் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வாங்க வந்தவர் தயங்கினால் தாத்தாவின் இன்னொரு கை என் தலைமேல் வந்து உட்காரும். "இந்தப் பேரப்புள்ள மேல ஆணையா சொல்றேன், ரெண்டாம் ஈத்துதான்." அது நாலாம் ஈத்து, நாலு முறை கன்று போட்ட மாடு என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு ராத்திரி முழுக்க, செத்துப்போய்விடுவேன் என்று பயந்து கிடப்பேன். தாத்தா என்மேல் உயிரையே வைத்திருந்தார். ஊருக்கே அது தெரியும். தெரிந்ததால்தான் மாடு விற்றது.

குவேக்கர் கடைக்காரர்கள் அந்தக் காலத்திலேயே எல்லோருக்கும் ஒரே விலை சொன்னவர்கள். பேரம் பேசிப் பழகிய ஜனங்கள் முதலில் அவர்கள் பக்கமே போகவில்லை. பிறகு, சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோலவே கொடுக்கிறார்கள் என்று கண்டு கூட்டம் திரும்பி வந்தது என்று ஃபாக்ஸ் எழுதியிருக்கிறார். அந்த இடத்தை வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

உங்கள் பெரியப்பாவும் பிள்ளைகள் தலைமேல்தான் கைவைக்கிறார். அந்தச் செய்தி உங்கள் பொறுப்பில் உள்ள குழு வழியாக எல்லா வீட்டுக்கும் போகிறது. நான் போடவில்லையே என்பீர்கள். ஜான் வூல்மன் என்று ஓர் இளைஞர், பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்காவில், நியூஜெர்சியில் ஒரு கடையில் வேலை பார்த்த குவேக்கர். முதலாளி தன்னிடம் அடிமையாக இருந்த ஒரு கறுப்பினப் பெண்ணை விற்றுவிட்டு, விற்பனைச் சீட்டு எழுதச் சொன்னார். விற்றவர் வேறு, வாங்கியவர் வேறு. வாங்கியவரும் குவேக்கர் சபையைச் சேர்ந்த ஒரு முதியவர்தான். வூல்மன் வெறுமனே எழுதிக் கொடுத்தவர். அந்த எழுத்து அவர் மனதை அறுத்தது. பின்னொரு நாள் இன்னொருவர் அதே மாதிரிச் சீட்டு கேட்டு வந்தபோது முடியாது என்றார். பெயர், பணம், லாபம் எதிலும் அவருக்குப் பங்கில்லை, மை மட்டும்தான் அவருடையது. அதுவே அவருக்குப் பொறுக்கவில்லை. உங்களுக்கு எப்படிப் பொறுக்கிறது?

மௌனமாம், மௌனம்! தம்பி, அவர்கள் உட்காருவது காதுகொடுத்துக் கேட்பதற்கு. உள்ளே ஒன்று எழும்பினால் எழுந்து நின்று சொல்லியாக வேண்டும். உங்களுக்குள் எழும்பித்தான் இருக்கிறது, இல்லாவிட்டால் எனக்கு எதற்கு எழுதுகிறீர்கள்? 2012 நவம்பர் 7 அன்று நம் மாவட்டத்தில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைச் சாக்காக வைத்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் காலனிகளில் வீடுகள் எரிக்கப்பட்டபோது எத்தனையோ நல்லவர்கள் வீட்டுக்குள் அமைதியாகத்தான் இருந்தார்கள். அந்த அமைதிக்குக் குவேக்கர் பெயரைச் சூட்டாதீர்கள். எனக்கு வலிக்கிறது.

இன்றைக்கே குழுவில் எழுதுங்கள். "இது யாருக்காவது நேரில் தெரியுமா? தெரியாவிட்டால் எடுத்துவிடுகிறேன்." அவ்வளவு போதும். சொன்னபடி எடுத்தும் விடுங்கள். பெரியப்பாவை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்த வேண்டாம். வூல்மன் பல வருடங்கள் அடிமை வைத்திருந்தவர்களின் வீடுகளுக்கே போனார், அங்கேயே தங்கினார், தனக்கு வேலை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்தார், வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசினார். 1772இல் அவர் இறந்தார். 1776இல் பிலடெல்பியாவின் குவேக்கர்கள், அடிமை வைத்திருப்பவருக்குச் சபையில் இடமில்லை என்று முடிவெடுத்தார்கள்.

நீங்களும் பென்னாகரம் பஸ் ஏறுங்கள். பெரியப்பா வீட்டில் சாப்பிடுங்கள், சாப்பிட்ட பிறகு பேசுங்கள். கத்துவார். அடுத்த மாதமும் போங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.