மண்கட்டியின் நிழல்

அன்புள்ள ஐயா,

சுற்றிவரும் விண்கலம் வெளிச்சத்தை அளந்தே புதன் கோளின் தரை எவ்வளவு கரடுமுரடு, கட்டி எவ்வளவு பெரிது என்றெல்லாம் சொல்லிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். படத்தின் ஒரு புள்ளிக்குள் எங்கள் தெருவே அடங்கிவிடுமே, கட்டி எப்படித் தெரியும்?

வாசகி, மன்னார்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டி தெரியாதுதான். அதன் நிழல் மாட்டிக்கொள்ளும்.

உங்கள் பக்கம் கோடை உழவு போட்ட வயலைக் காலை ஏழு மணிக்குப் பாருங்கள். வெயிலுக்கு முதுகு காட்டி வரப்பில் நின்றால் வயல் வெளுத்துக் கிடக்கும். நிழலெல்லாம் கட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அப்படியே கிழக்கே திரும்புங்கள். அதே மண் கருத்துவிடும், கட்டிகளின் இருட்டுப் பக்கம் முழுக்க நம்மைப் பார்த்து இருப்பதால். பக்கத்தில் சாணம் மெழுகிய களம் இருந்தால் அதில் இந்த மாற்றம் இருக்காது. கண்ணாடி போடுகிறவர் என்றால் கழற்றிவிட்டும் பாருங்கள். கட்டிகள் கலங்கிப் போகும். வெளுப்பும் கறுப்பும் போகாது.

மெசஞ்சர் விண்கலம் 2011 மார்ச் முதல் 2015 ஏப்ரல் வரை புதனை 4,000 தடவைக்கு மேல் சுற்றியது. ஒரே இடத்தை வெவ்வேறு வெயிலில், வெவ்வேறு கோணத்தில் எடுத்த படங்கள்தான் இங்கே முக்கியம். ஒற்றைப் படம் போதாது, கறுப்புப் பாறையும் இருட்டாகத்தானே இருக்கும்? ஆனால் பாறையின் கறுப்பு எந்தக் கோணத்திலும் கறுப்பு. கரடுமுரடான தரையோ, சூரியன் முதுகுப் பக்கத்திலிருந்து விலக விலக வெளிச்சத்தை விழுங்கிக்கொண்டே போகும். அந்தக் குறைவை வைத்து, புள்ளிக்குள் மறைந்த மேடுபள்ளங்களின் சராசரிச் சரிவைக் கணக்கிடும் வழியை அமெரிக்கக் கோளியல் விஞ்ஞானி புரூஸ் ஹாப்கே 1984-ல் கொடுத்தார்.

நிலாவிலும் இது உண்டு. அரைநிலாவைவிடப் பௌர்ணமி நிலா இரண்டு மடங்கு வெளிச்சம் என்றுதான் தோன்றும். சுண்ணாம்பு பூசிய பந்தாக இருந்தால்கூட மூன்று மடங்குதான் வரும். உண்மையில் பத்து மடங்குக்கும் மேல்! பௌர்ணமியன்று சூரியன் நமக்கு முதுகுப் பக்கம், நிழல்கள் மறைந்துவிடுகின்றன. வந்த வழியே ஒளியைத் திருப்பி அனுப்பும் நிலாத் தூசியின் குணமும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

சரி, கட்டியின் அளவுக்கு வருகிறேன். விரற்கடை உயரக் கட்டியும் முழ உயரக் கட்டியும் ஒரே வடிவமாக இருந்தால், நிழல் மறைக்கும் பங்கும் ஒன்றுதான். ஆகவே இந்தக் கணக்கு சரிவைச் சொல்லும், கட்டி எத்தனை பெரிது என்று சொல்லாது. நான் எழுதியது தவறு. கட்டுரையில் அந்த வரியை இன்று காலை எடுத்துவிட்டேன்.